அம்மன் கேட்ட உப்பு

வாம்மா, இப்பிடி நிழலுக்கு வா. அந்தத் தகரத்துக்குக் கீழ நிக்காதே, மண்டை காஞ்சுபோகும். பாப்பாவையும் உக்காரச் சொல்லு, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கே. பேரென்ன? தாரணியா? நல்ல பேரு. எதுக்கு வந்திருக்கேன்னு நீ சொல்ல வேணாம் தாயி, நானே சொல்றேன். இந்தப் புள்ள எந்திரிச்சு நின்னாக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்தாச் சாஞ்சு விழுந்துருது. ஆஸ்பத்திரிக்குப் போனா லோ பிரஷருன்னு சொல்லிட்டாக. அதான? பாத்தியா, சொன்னேனா இல்லியா! பூக்காரிகிட்ட நீ சொல்லிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சுதான், அது வேற. ஆனா விழாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த வாசல்லயே உக்காந்து உக்காந்து, ஆளு நடந்து வார தினுசைப் பாத்தே சொல்லிருவேன்.

அருள் வர இன்னும் நேரமிருக்கு. உச்சி சாயணும். உறுமிக்காரக இப்பத்தான் தோலை வெயில்ல காட்டிக்கிட்டிருக்காக. அதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லிர்றேன், மனசுல வாங்கிக்க. உன் மகளுக்கு வந்திருக்கறது நோவில்ல. நோவுன்னு நெனச்சுத்தான் நாங்களும் ஏமாந்து கெடந்தோம்.

அந்தா, கதவடைச்சிருக்கே ரூம்பு, அதுக்குள்ள இருக்கறவ என் தம்பி பொண்டாட்டி செவ்வந்தி. உங்களுக்கெல்லாம் அவ அம்மா. எனக்கும் வெள்ளிக்கிழமை அம்மாதான், மத்த நாள்ல செவ்வந்தின்னுதான் வாயில வருது. நான்தான் பொண்ணு பாத்துக் கட்டி வச்சவ. என் புருசன் செத்து நான் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தப்ப தவசி மூக்கொழுகிக்கிட்டுத் திரிஞ்சான். பெத்தவகளும் அடுத்தடுத்துப் போய்ச் சேந்துட்டாக. நான் கஞ்சி ஊத்தி ஆளாக்குனேன். இப்ப மினி வேன் ஓட்டுறான். அக்கா சொல்லைத் தட்ட மாட்டான், அதுக்கு நான் சாட்சி.

செவ்வந்தி கல்யாணத்தப்ப எலுமிச்சம்பழ நெறம் தாயி. கூட்டத்துல நின்னாத் தனியாத் தெரிவா. நூல் மில்லுல வேலை. எட்டு மணி நேரமும் நின்ன கால்ல நூலு அறுந்த எடத்தை எல்லாம் முடிஞ்சுக்கிட்டே நடக்கணும். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. திடீர்னு ஒரு நாள் மிசினுக்குப் பக்கத்துலயே விழுந்துட்டா. நல்ல வேளை, முடி மாட்டல. அன்னியிலிருந்து அடிக்கடி விழுவா. சோறு பிடிக்கல. ஆளு எளைச்சா. உப்பு மட்டும் வேணும். கல்லுப்பைக் கைநெறைய அள்ளிக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு மிட்டாய் மாதிரிச் சப்புவா, அடியாத்தே, நான் அப்பிடி யாரையும் பாத்ததில்ல. அப்புறம் கறுக்க ஆரம்பிச்சா. வெயிலுக்கே போகாதவளுக்கு எங்கிட்டிருந்து கறுப்பு வரும்? உள்ளங்கை ரேகை கறுத்துச்சு, பல்லு ஈறு கறுத்துச்சு. இதெல்லாம் மனுச நோவா? நீயே சொல்லு. ஆனா அப்ப எங்களுக்கு அறிவு வரல.

மில்லுல தமயந்தின்னு ஒரு நர்சு. அவதான் முதல்ல கையில பட்டையைச் சுத்திக் காத்தடிச்சுப் பாத்தவ. படுக்க வச்சு ஒருவாட்டி பாத்தாளாம், நிக்க வச்சு ஒருவாட்டி பாத்தாளாம். படுத்திருக்கையில பிரஷரு ஏதோ இருக்காம், நின்னதும் சரசரன்னு எறங்குதாம். என்னயக் கூப்பிட்டுச் சொன்னா, "அக்கா, உங்க வீட்டு மாடிக் குழாயில தண்ணி வராம இருந்திருக்கா? கீழ வரும், மேல ஏறாது. தண்ணி கொறஞ்சாலும் அப்பிடித்தான், தள்ளுற வேகம் கொறஞ்சாலும் அப்பிடித்தான். இவங்களுக்கு ரத்தம் தலைக்கு ஏற மாட்டேங்குது. சில பேருக்கு ஒடம்பு வாகே அப்பிடி, பயமில்ல. ஆனா இவங்களுக்கு எதனாலன்னு கண்டுபிடிக்கணும். மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க." நல்லாப் பேசுவா, அது ஒண்ணுதான் அவகிட்ட.

கூட்டிட்டுப் போனோம். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா உள்ளங்கையைத் திருப்பிப் பாத்தாக, ஈறைப் பாத்தாக, ரத்தம் எடுத்தாக. கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உக்காந்திருக்காம், அது காஞ்சுபோச்சாம். உப்பை ஒடம்புல நிறுத்தி வைக்கறது அதோட வேலையாம். அது இல்லாமப் போனதுனாலதான் பிரஷரு நிக்கலியாம், அதுனாலதான் ஒடம்பு உப்புக் கேக்குதாம். அதுக்கு ஒரு மாத்திரை. "இதை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வாந்தின்னு வந்தாக் கூடப் போடணும், உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்"னு என் மொகத்தைப் பாத்து, தவசி மொகத்தைப் பாத்து, அவ மொகத்தைப் பாத்து, மூணு பேருகிட்டயும் தனித்தனியாச் சொன்னாக. அப்புறம் ஒரு பாட்டு மாதிரிச் சொன்னாக, எனக்கு இன்னும் மனப்பாடம். உப்புக் கொறைக்காதே. தண்ணி நெறையக் குடி. படுத்திருந்தா சடக்குன்னு எந்திரிக்காதே, எந்திரிச்சு உக்காரு, காலைத் தொங்கப் போடு, அப்புறம் நில்லு. கொதிக்கிற தண்ணியில குளிக்காதே. வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதே. வயித்தைக் காயப் போடாதே, ஒரேயடியா நெறையத் திங்கவும் செய்யாதே. கிறுகிறுன்னு வந்தா அந்த எடத்துலயே படுத்துக் காலை ஒசத்தி வச்சுக்க.

சும்மா சொல்லக்கூடாது, தேறுனா. அந்த மாத்திரையும் உப்பு மோருமா ரெண்டு மாசத்துல பழைய செவ்வந்தியா வந்துட்டா. திரும்ப மில்லுக்குப் போனா. சிரிச்சா. அவ சிரிப்பு இருக்கே, தெருமுக்குல இருக்கறவகளுக்கும் கேக்கும். வீட்டுல அவ குரலுதான். "மதினி, இன்னிக்கு நான் கொழம்பு வைக்கிறேன்", "மதினி, நீங்க ஒக்காருங்க." என் அடுப்படியிலயே என்னய உக்காரச் சொல்றா, பாரேன்! மில்லுக்குப் பக்கத்துல வீடு பாத்துப் போயிருவோம்னு தவசிகிட்ட மெதுவா ஓதிக்கிட்டும் இருந்தா. அதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கல. எனக்கு அந்தக் கொணம் கெடையாது.

ஒரே கொறை, புள்ள இல்ல. போன பங்குனிப் பொங்கலுக்கு நான் நேந்துக்கிட்டேன். என் தம்பி பொண்டாட்டி உப்பில்லா விரதம் இருந்து அக்கினிச்சட்டி எடுப்பா தாயே, அவ வயித்துல ஒண்ணைக் குடுன்னு. நல்லதுக்குத்தான நேந்தேன்? காப்புக் கட்டுனா உப்பு, புளி, தாளிப்பு எதுவும் ஆகாது. ஒரு வேளை பச்சரிசிச் சோறு. அவ்வளவுதான். அவ தயங்குனா. "மதினி, உப்பை வேணா விட்டுர்றேன், மாத்திரையை மட்டும் போட்டுக்கிறேனே. டாக்டரம்மா அம்புட்டுச் சொன்னாகளே"ன்னா. நான் ஒரே வார்த்தைதான் கேட்டேன், "நீ மாரியாத்தாளை நம்புறியா, மாத்திரையை நம்புறியா?" தவசி பக்கத்துலதான் நின்னான். வேன் கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டே இருந்தான். அவ அவனைப் பாத்தா. அவன் தொடச்சுக்கிட்டே இருந்தான்.

மாத்திரையை நான் வாங்கி வச்சுக்கிட்டேன். அவ கையிலயே இருந்தா ஆசை வரும் பாரு.

ஒரு வாரம் போயிருக்கும். உச்சி வெயிலு, கோயிலுக்கு முன்னால கூட்டம். கொட்டு அடிக்கிறாக. செவ்வந்தி மஞ்சச் சேலையோட நிக்கிறா. எனக்குப் பக்கத்துலதான். மெதுவா ஆடுனா. முன்னால, பின்னால, முன்னால, பின்னால. மொகத்துல முத்து முத்தா வேர்வை, தொட்டாச் சில்லுன்னு இருக்கு. கண்ணு மேல சொருகுது, வெள்ளை முழி தெரியுது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "அம்மா வந்துட்டாடா"ன்னு முதல்ல கத்துனது நான்தான் தாயி, அந்தப் பாக்கியம் எனக்குத்தான் கெடச்சுச்சு. உறுமி ஓங்குச்சு. கொலவை போட்டாக. அவ முட்டி மடங்கி மண்ணுல உக்காந்தா, கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துச்சு. என்ன வேணும் தாயேன்னு எல்லாரும் கேக்குறாக. உதடு மட்டும் அசையுது. நான் காதைக் கொண்டுபோய் வச்சேன். "உப்பு… உப்பு…"ன்னா.

எனக்கு அழுகை வந்துருச்சு. மாரியாத்தா கோயில்ல உப்பும் மொளகும் கொட்டுறது காலங்காலமா உள்ளதுதான? வேற எதைக் கேப்பா அவ? நான் சொன்னதும் பலசரக்குக் கடைக்காரரு மூடையையே தூக்கியாந்து பிரிச்சு அவ காலடியில கொட்டுனாரு. ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி உப்பு அள்ளியாந்தாக. கால் மொழங்கால் வரைக்கும் உப்பு. அவ அந்த உப்புக்குள்ள கையை விட்டு அள்ளி வாய்கிட்டக் கொண்டுபோனா. நான் டபக்குன்னு கையைப் புடிச்சுட்டேன். விரதமாச்சே. அம்மாவே வந்திருந்தாலும் ஒடம்பு செவ்வந்தி ஒடம்புதான?

அப்ப ஒரு பொம்பள, மகன் ஓடிப்போயி வருசமாகுதுன்னு கால்ல விழுந்தா. செவ்வந்தி என்ன சொன்னா தெரியுமா? "வீட்டுக்கு… வீட்டுக்குப் போகணும்." இம்புட்டுத்தான். நாலாம் நாள் அந்தப் பையன் திருப்பூருலருந்து பையைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறான்! அதுக்கப்புறம் கேக்கணுமா? பேரு ஊரெல்லாம் பரவிப்போச்சு. வெள்ளிக்கு வெள்ளி எங்க வாசலுக்கே சனம் வர ஆரம்பிச்சுருச்சு.

பொங்கல் முடிஞ்சு காப்பு அவுத்தோம். விரதம் முடிஞ்சுதேன்னு நான் மாத்திரையைத் திருப்பிக் குடுத்தேன், சோத்துல உப்பும் போட்டேன். என்னய அரக்கின்னு நெனச்சுராதே. அவ ரெண்டே வாரத்துல நிமுந்துட்டா. தெளிவாப் பேசுறா, நடக்குறா, கொழம்பு வைக்கிறேங்குறா. ஆனா வெள்ளிக்கிழமை அம்மா வரல. கூட்டம் காத்துக் கெடக்கு. உறுமிக்காரக கை வலிக்க அடிக்கிறாக. இவ கல்லு மாதிரி நிக்கிறா. "மதினி, எனக்கு ஒண்ணும் வரல, நான் உள்ள போறேன்"னு எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லிட்டா. அடுத்த வெள்ளியும் வரல. வந்தவக மொணமொணன்னு போறாக. என் மொகத்தை எங்க கொண்டுபோய் வைக்க? தாலியறுத்தவன்னு ஒரு விசேசத்துக்கும் முன்னால விடாத தெரு தாயி இது. அம்மா வந்த பிறகுதான் என் கையால திருநீறு வாங்குனாக. எதுத்தாப்புல வாரதே சகுனத்தடைன்னு ஒதுங்குனவளெல்லாம் என் கால்ல விழுந்தா. அது உனக்குப் புரியுமோ என்னமோ.

அப்பத்தான் உக்காந்து யோசிச்சேன். யோசிக்க யோசிக்க எனக்கு வெளிச்சமாயிருச்சு. அந்த டாக்டரம்மா எதையெல்லாம் செய்யாதேன்னு சொன்னாகளோ, அதையெல்லாம் செஞ்சப்பத்தான் அம்மா வந்தா! உப்பை நிறுத்தினோம், வந்தா. வயித்தைக் காயப் போட்டோம், வந்தா. வெயில்ல நிக்க வச்சோம், வந்தா. அப்ப அந்த மருந்தும் மாத்திரையும் என்ன வேலை செஞ்சிருக்கு? வாரவளை வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்காரகளுக்கு அது தெரியாது, அவுகளைக் குத்தஞ் சொல்லலை. படிப்பு அம்புட்டுத்தான்.

பெறகு மாத்திரையையும் உப்பையும் மறுபடி நிறுத்திட்டு, நான் ஒரு மொறை வச்சுக்கிட்டேன். வியாழக்கிழமையிலருந்து சோறில்ல, தண்ணி வாய் நனைக்க மட்டும். வெள்ளிக்கிழமை காலையில கொதிக்கக் கொதிக்கத் தண்ணி காய்ச்சித் தலைக்கு ஊத்துவேன். அந்த ரூம்புல படுக்க வச்சிருவேன். உறுமி ஓங்குற நேரத்துல கையைப் புடிச்சு ஒரே தூக்கு, சடார்னு நிக்க வச்சு வாசலுக்குக் கொண்டாந்துருவேன். நாலடி நடக்கறதுக்குள்ள அம்மா எறங்கிருவா. ஒரு வெள்ளிகூடத் தப்புனதில்ல! அந்த டாக்டரம்மா சொன்ன பாட்டைத்தான் திருப்பிப் படிச்சேன், வேற ஒண்ணுமில்ல.

ஒரே ஒருவாட்டி தப்பிருக்கும். வெள்ளிக்கிழமை முடிஞ்சா இந்த வாசல்ல உப்பு மலை மாதிரிக் கெடக்கும், மறுநாள் அள்ளிக் கொளத்துல கரைப்போம். ஒரு நாள் நான் கொல்லைப் பக்கம் போயிட்டு வாரேன், செவ்வந்தி இந்தக் குமிச்ச உப்பு மேல குப்புறக் கெடக்குறா. ஆட்டுக்குட்டி மாதிரி நக்கிக்கிட்டிருக்கா தாயி. தாடையெல்லாம் உப்பு, கண்ணுல தண்ணி. அம்மனுக்குப் போட்ட உப்பு! எனக்கு வந்துச்சே ஆத்திரம், முடியைப் புடிச்சு இழுத்துட்டேன். "மதினி, எனக்காகத்தான கொட்டுறாக, நான் திங்கக் கூடாதா?"ன்னு கேக்குறா. பாத்தியா பேச்சை? உனக்காகவாடி கொட்டுறாகன்னு கேட்டேன். அதுலருந்து அந்த ரூம்புக்கு வெளித்தாப்பாப் போட்டிருக்கேன். அவளுக்காகத்தான். அம்மன் பொருளைத் தின்னுட்டு நாளைக்கு அவ வாங்கிக் கட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?

அந்தத் தமயந்தி நர்சு மோப்பம் புடிச்சு வந்துட்டா. மில்லுக்கு ஏன் வரலைன்னு கேட்டு வந்தவ, நேரா ரூம்புக்குள்ள போயிட்டா. பட்டையைச் சுத்திக் காத்தடிச்சா. மறுபடியும் அடிச்சா. மிசினைத் தட்டிப் பாத்தா. "மேல எழுபதுதான் இருக்கு. இந்தப் பிரஷரோட இவங்க நடமாடுறதே அதிசயம்"னா. நான் கும்பிட்டுக்கிட்டேன். அதிசயம்னு அவ வாயாலயே வந்துருச்சு பாரு! ஆனா அவ விடல. "எங்க மாத்திரை? எத்தனை நாளா நிறுத்திருக்கீங்க? கொலை பண்றீங்க, தெரியுதா?"ன்னு இந்த வாசல்ல நின்னு கத்துனா. கொலையாம்! நான் என் தம்பி வீட்டுல வெளக்கேத்துறவ, என்னய! கூட்டம் சும்மா இருக்குமா? அம்மாவையே கையைப் புடிச்சு இழுக்குறியான்னு நாலு பேரு எந்திரிச்சாக. அவ செருப்பைக்கூட எடுக்காமப் போனா. போலீசோட வருவேன்னு சொல்லிட்டுப் போனா, இன்னும் வரல. போகையில செவ்வந்தி அவளையே பாத்துக்கிட்டிருந்தா.

ஏன் பாப்பா, நெளியுற? வெக்கையா இருக்கா? தண்ணி கிண்ணி குடிக்காதே. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

உன்கிட்ட மறைக்கறதுக்கு என்ன தாயி. எனக்கும் மனசு கெடந்து அடிச்சுக்குது. நேத்துலருந்து அவளுக்கு ஒடம்பு கொதிக்குது, பச்சத் தண்ணியும் தங்கல, வாந்தி. அம்மா இந்த வாரம் கொஞ்சம் உக்கிரமா இருக்கா போல. காலையில தலைக்கு ஊத்த எடுத்தேன், நிக்க முடியல, உக்கார வச்சே ஊத்தினேன். தலை தொவட்டையில என் மடியில சாஞ்சுட்டா. கூடு மாதிரி இருக்கா, கனமே இல்ல. "மதினி, என்னய விட்டுருங்க"ன்னா. பேசுறது செவ்வந்தியா, அம்மாவா? அம்மாதான் நம்மள விட்டுப் போறேங்குறாளோ? போயிட்டான்னா நாங்க என்ன செய்வோம், இம்புட்டுச் சனம் எங்க போகும்? கால்ல விழுந்து அழுதேன். இருந்துட்டுப் போ தாயேன்னு அழுதேன்.

அதை விடு. உன் மகளுக்கு வா. நான் சொல்றதைக் கேளு. இன்னியிலருந்து இவளுக்கு உப்பு ஆகாது. மோரு, எளநி, அந்த டாக்டரு சொன்னது எதுவும் ஆகாது. கிறுகிறுன்னு வந்தாப் படுக்க வைக்காதே, அதை அடக்கக் கூடாது, நிக்க விடு. வெள்ளிக்கு வெள்ளி இங்க கூட்டியா. என்ன, இவளுக்கு அந்தச் சுரப்பியெல்லாம் ஒண்ணுமில்லையா? சோறு தண்ணி ஒழுங்கா எடுத்துக்கிட்டாச் சரியாயிரும்னு சொன்னாகளா? சொல்லுவாக. அவுக அப்பிடித்தான் சொல்லுவாக. அந்த உள்ளங்கையைக் காட்டு பாப்பா. கையைக் காட்டுன்னா ஏன் இழுத்துக்கிடுற?

என்ன சொல்லுது உன் மக? ஆஸ்பத்திரிக்கு யாரைக் கூட்டிட்டுப் போகணுமாம்? உள்ள இருக்கறவகளையா? போன் எடுக்குதா? அதை உள்ள வைக்கச் சொல்லு தாயி, இங்க போன் எடுக்கப்படாது. சின்னப் புள்ள, தெரியாமப் பேசுது. நீ பெரியவ, நீ சொல்லு.

அந்தா, உறுமி ஓங்கிருச்சு. கூட்டத்தைப் பாரு, எப்பிடி எந்திரிக்குதுன்னு! எல்லாரும் மடியில உப்பைக் கட்டிக்கிட்டு வந்திருக்காக. இரு, நான் போய் அவளைத் தூக்கணும். தவசி ஏன் இப்பிடி ஓடியாரான்? என்னடா? எந்திரிக்க மாட்டேங்குறாளா? நான் வந்து தூக்குறேன், நீ வேட்டியை ஒழுங்காக் கட்டு. ஆளுக முன்னால அழுவாதடா. இரு தாயி, எங்கயும் போயிராதே, வாரேன்.

இல்ல… ஒண்ணுமில்ல. அம்மா இன்னிக்கு வெளிய வர மாட்டா. ஒண்ணுமில்லங்குறேனே. தூக்கிப் பாத்தேன். தலை தொங்குது. கன்னத்துல தட்டுனேன், செவ்வந்தி செவ்வந்தின்னு கூப்பிட்டேன். கண்ணு தெறந்துதான் இருக்கு, பாக்கல. ஒடம்பெல்லாம் பனி மாதிரிக் கெடக்கு. தவசி காலைப் புடிச்சுத் தேச்சுக்கிட்டிருந்தான், தேச்சு என்ன ஆகப் போகுது? டேய் தவசி, வாயைப் பொத்துடா. கதவைச் சாத்து. சாத்துங்குறேன்ல! யாரும் உள்ள போகக் கூடாது. போனு எதுக்கு? இனிமே ஆஸ்பத்திரிக்காரக வந்து என்ன செய்யப் போறாக? உறுமியை நிறுத்தாதீக, அடிங்க!

அம்மா அவளை விட்டு எறங்கிட்டா தாயி. அம்புட்டுத்தான் நடந்திருக்கு. வேற எதுவும் நடக்கல. செவ்வந்திக்குக் குடுத்து வச்சது அவ்வளவு. ஆனா அம்மா எங்க போயிருப்பா? இம்புட்டுச் சனம் உப்பும் மடியுமாக் காத்துக் கெடக்கையில, யாரையும் விட்டுட்டுப் போகமாட்டாளே. என் நெஞ்சு சொல்லுது, போகமாட்டா.

நீ ஏன் எந்திரிக்கிற? பாப்பாவை ஏன் கையைப் புடிச்சு இழுக்குற? இப்பத்தான எந்திரிக்கவே செஞ்சுச்சு, அதுக்குள்ள இந்த வெயில்ல எங்க போறீக? தெரு நெறையச் சனம், வழியேது? நில்லு தாயி. நில்லுங்குறேன். அங்க பாரு! பாப்பா மொகத்தைப் பாரு!

ஆடுதே. தாயே, ஆடுதே! முன்னாலயும் பின்னாலயும், அதே ஆட்டம்! மொகமெல்லாம் வேர்வை, கண்ணு சொருகுது பாருங்க எல்லாரும்! கொலவை போடுங்கடி! விலகுங்க, படுக்க வைக்காதீக, ரெண்டு பக்கமும் தாங்கிப் புடிச்சு நிக்க வைங்க! நான் சொன்னேனே, போக மாட்டான்னு சொன்னேனே! உப்பு வச்சிருக்கவக முன்னால வாங்க, காலடியில கொட்டுங்க!

நீ என்ன பண்ற? பையிலருந்து என்ன எடுக்குற? பாட்டிலா? என்ன அது, உப்பும் சீனியும் போட்ட தண்ணியா? குடு இங்க. குடுன்னா குடு தாயி. இந்தா, மண்ணுக்குப் போகட்டும். ஏன் என் கால்ல விழுற? என் கால்ல விழாதே, அங்க போயி விழு. கத்தாதே. தாரணி தாரணின்னு பேரைச் சொல்லாதே, மகளேங்காதே. எல்லாரும் பாக்குறாக பாரு. கையைக் கூப்பு. சொல்றதைக் கேளு, கையைக் கூப்பி, அம்மான்னு கூப்பிடு.